மார்கழியில் எண்ணியதும் பங்குனியில் எண்ணியதும்

1959ஆம் வருஷம் கார்த்திகை மூன்றாம் ஞாயிறு, காலை ஒன்பது மணி சுமாருக்கு நான் சைக்கிளில் தவளக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது, அக்கா பதினொரு தேனீப் பெட்டிகளைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். நான்கு நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில். பெட்டிகளுக்குள் அடைகள் கறுத்துப்போய், மெழுகுப்புழு நூல் பின்னிக் கிடந்தன. அவள் ஒரு கத்தியால் அவற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் மொத்தம் பதினாலு பெட்டி, அதில் நாலு போன மழையிலேயே காலியானவை. மூன்றில்தான் உயிர் இருந்தது.

"பதினொண்ணுடா" என்றாள், நிமிராமல். "எழுதிக்க. நீதான் எல்லாத்தையும் எழுதுவியே."

எழுதிக்கொண்டேன். தேதி, கிழமை, நேரம், பெட்டி எண்ணிக்கை. அதுதான் என் பழக்கம். பதினேழு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதுகிறேன். எங்கள் புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர்களின் துபாஷி ஒருவர் தினமும் எழுதிவைத்த நாளிலிருந்து, இது இருநூறு வருஷத்து வியாதி என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். நான் வேலை பார்த்தது கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஓர் அச்சகத்தில், புரூஃப் திருத்துபவனாக. அங்கே வீணாகும் புரூஃப் தாள்களின் பின்பக்கம்தான் என் நாட்குறிப்பு. மாதம் மாதமாகத் தைத்து வைத்திருப்பேன்.

அந்த ஞாயிறு கழிந்து மூன்றாம் நாள், புதன்கிழமை, என் மேசைக்கு ஓர் அரசு அறிக்கை வந்தது. அப்போதும் இவை பிரெஞ்சில்தான் வரும். அதில் ஒரு வாக்கியம்: தேன்கூடுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் திருப்திகரமாக உயர்ந்து வருகிறது.

என் விரல் நகத்தில் அப்போதும் கிணற்றடி மெழுகு ஒட்டியிருந்தது. அந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஒற்றை உச்சரிப்புக்குறிகூடத் தவறவில்லை. நான் அதைத் திருத்தாமல் அனுப்ப வேண்டியிருந்தது. அன்று மதியம் சாப்பிடவில்லை என்று குறிப்பில் இருக்கிறது.

அக்காவின் கதை தெரிந்தால்தான் என் கோபம் புரியும். அந்தத் தோட்டம் அவளுடையதல்ல. புதுச்சேரியில் பெரிய தெருவில் இருந்த ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். குத்தகை பணமாக இல்லை, தேனாக. சித்திரை முதல் தேதி பன்னிரண்டு புட்டி தேன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வீட்டுப் பெரியவருக்குத் தீராத சளி. ஒரு வருஷம் அக்கா இரண்டு புட்டி கொடுத்து, அது அவருக்குக் கேட்டது. அதிலிருந்து இந்த ஏற்பாடு. தேன் இருக்கும்வரை தோட்டமும் அதிலிருந்த ஓட்டு வீடும் அவளுக்கு. பெட்டி போனால் வீடு போகும். அத்தான் மில்லில் வேலை பார்த்தார். மூன்று முறை வேலைநிறுத்தம் பார்த்த மில். அந்தச் சம்பளத்தில் இன்னொரு வீடு எடுப்பது நடக்கிற காரியமில்லை.

தேனீ வளர்ப்பில் ஆபத்தான காலம் மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் பூ உதிர்ந்துவிடும், மிச்சமிருக்கிற பூவில் மழைநீர் நிற்கும், பூச்சியால் வெளியே போகவும் முடியாது. அந்த இரண்டு மாதம் வெள்ளைச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி, பூச்சி முழுகிவிடாமல் இருக்க நாலு ஈர்க்குச்சியை மிதக்கவிட்டு, பெட்டிக்குள் வைக்க வேண்டும். 1955 முதல் மூன்று மழைக்கு அந்தச் சர்க்கரையை, தேனீப் பெட்டிகளைக் கவனிக்கிற அரசு அலுவலகம் பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுத்தது. 1958இல் ஒரு கடிதம் வந்தது. கூடுகள் உயர்ந்து வருவதால் இனி உதவி அவசியமில்லை என்று நாலு வரி. ஆதாரமாக 1957இல் அச்சான அறிக்கையின் பக்க எண்ணைக் காட்டியிருந்தார்கள்.

அக்கா வெல்லத்தைக் கரைத்து ஊற்றினாள். வேறென்ன செய்வாள்? வெல்லம் தேனீக்கு ஆகாது. வயிற்றால் போகும். பெட்டி வாசலெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழுந்து, பூச்சிகள் வாசலிலேயே சுருண்டு கிடந்தன. நான் வாங்கிக்கொண்டு போன சர்க்கரை இரண்டு பெட்டிக்கு ஒரு மாதம் காணும். பதினாலுக்குக் காணாது.

1960 பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, நான் அங்கே இருந்த சமயத்தில் அலுவலகத்திலிருந்து கணக்கெடுப்பவர் வந்தார். பழைய பிரெஞ்சு நாளிலிருந்தே அவர்தான் வருகிறார். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை. அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. காலிப் பெட்டியை எண்ணுகிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு பெட்டியையும் விரல் மடக்கித் தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்பார். உள்ளே இரைச்சல் வந்தால்தான் ஒரு கோடு போடுவார்.

"டாக்டரு கணக்கா காது வெக்கிறீங்களே, காய்ச்சல் எவ்ளோ இருக்குது?" என்று அக்கா கேட்டாள்.

"காய்ச்சல்லாம் இல்ல, நல்லாத்தான் கத்துதுங்க" என்றார். ஏழு கோடு போட்டார்.

ஏழு என்பது சரி. கார்த்திகையில் தப்பித்த மூன்று கூடுகள், மாசியில் முருங்கை பூத்ததும் பெருகி, கூட்டம் பிரிந்து ஏழாயிருந்தன. அது அவற்றின் வழக்கம். பூக்காலத்தில் பிரியும், மழையில் சாகும். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்கா சும்மா பேச்சுக்குத்தான் சொன்னாள்.

"முன்னல்லாம் மார்கழியில வருவீங்க. இப்போ பங்குனியில வர்றீங்க. கல்யாண வூட்டுல வந்து தலைய எண்ணிட்டு, எழவுக்கு எட்டிப் பாக்காத மாதிரி."

அவர் சிரித்தார். வெள்ளைக்காரன் நாளில் கணக்கு வருஷம் டிசம்பரோடு முடியும், அதனால் அந்தக் கடைசி வாரம் எண்ணச் சொல்வார்கள், கொடி மாறின பிறகு கணக்கு வருஷம் மார்ச்சில் முடிகிறது, இப்போது அந்தக் கடைசி வாரம் எண்ணச் சொல்கிறார்கள், என்ன மாதமென்று யார் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தேதிகளோடு வாழ்கிறவன். இத்தனை வருஷமாக இது என் கண்ணில் படவில்லை. அன்றிரவே, வீட்டில், என் குறிப்புகளை எடுத்து இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதினேன். மார்கழி எண்ணிக்கைகள் தனி, பங்குனி எண்ணிக்கைகள் தனி. அக்காவின் தோட்டத்தில் 1957 மார்கழியில் ஒன்பது கூடு, அடுத்த மார்கழியில் ஆறு, அதற்கடுத்து மூன்று. பங்குனி வரிசையில் பதினாலு, பத்து, ஏழு. எந்த வரிசையைப் பார்த்தாலும் இறக்கம். ஒரு மார்கழியை அடுத்த பங்குனியோடு வைத்தால் மட்டும் ஏற்றம். அலுவலகத்தின் அட்டவணை அப்படித்தான் இருந்தது. முதல் இரண்டு எண்கள் 1953, 1954 டிசம்பர். அடுத்தவை மார்ச். பசித்த மாதத்தில் எண்ணியதைப் பூத்த மாதத்தில் எண்ணியதோடு வைத்துப் பார்த்து, வளர்ந்துவிட்டது என்று சர்க்கரையை நிறுத்திவிட்டார்கள்.

கோபத்தில் ஒரு சுகம் உண்டு. எதிரியின் தவறு தேதியோடு கையில் கிடைக்கும்போது வருகிற சுகம். இரண்டு மாதம் அந்தச் சுகத்தில் இருந்தேன். ஜூன் முதல் வாரத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

மேற்பார்வையாளர் என்னைவிட இளையவர், மரியாதையானவர். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். நான் இரண்டு வரிசைகளையும் காட்டினேன். மழைக்கு முன் சர்க்கரை வேண்டும், இல்லாவிட்டால் ஒரு குடும்பம் வீட்டை இழக்கும் என்று சொன்னேன். ஊர் முழுக்கக் கூடு குறைகிறது என்று நான் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியாது, ஆனால் கூடுகிறது என்று சொல்ல உங்களுக்கும் ஆதாரம் இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து 1957ஆம் வருஷத்து அறிக்கையை எடுத்து அட்டவணையைத் திறந்தார்.

"தேதி மாறினதா எங்கயும் போடலையே சார். அப்படி மாறியிருந்தா கீழ ஒரு குறிப்பு இருக்கும். எங்க ஆளுங்க அதுலல்லாம் கரெக்டா இருப்பாங்க."

பார்த்தேன். குறிப்பு இல்லை. நான்கு எண்கள், மேலே நான்கு ஆண்டுகள், அவ்வளவுதான்.

"அச்சானதுதான் சார் எங்களுக்கு ஆதாரம்" என்றார். "நீங்க ஒரு தோட்டத்தை வெச்சிப் பேசுறீங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதை என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. அன்று சாயங்காலமே பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். கவனமில்லாத அதிகாரிகள், ஒரு அடிக்குறிப்பு போடத் துப்பில்லாதவர்கள், அவர்களின் சோம்பலில் சாகிற உயிர்கள் என்று இரண்டு பக்கம் ஓடியது. நல்ல நடை. இன்றும் என்னிடம் இருக்கிறது, படித்தால் கூசுகிறது. அறிக்கை எந்தத் தேதியில் அச்சுக்கு வந்தது என்று சரியாகப் போட வேண்டுமென்று 1957ஆம் வருஷத்துக் கட்டுகளை இறக்கினேன்.

ஆகஸ்டு மாதக் கட்டில் ஒரு தாள். என் கையெழுத்தில் அன்றைய குறிப்பு: கடைவாய்ப் பல் வலி, கிராம்புத் தைலம் வைத்தேன், மழை இல்லை. தாளைத் திருப்பினேன். பின்னால் அந்த அட்டவணையின் புரூஃப். முதல் இரண்டு எண்களின் தலையில் நட்சத்திரக் குறி. அடியில் இரண்டு வரி: முதல் இரண்டும் டிசம்பர் இறுதியில் எண்ணியவை, மற்றவை மார்ச் இறுதியில் எண்ணியவை, எனவே ஒப்பிடத் தக்கவை அல்ல.

அந்த இரண்டு வரியின் மேல் நீலப் பென்சிலால் ஒரு நேர்க்கோடு. நட்சத்திரங்கள் இரண்டும் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் என் சுருக்கொப்பம்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. அறிக்கை பதினாறு பக்கத்தில், ஒரே ஃபாரத்தில், அதாவது மடித்தால் பதினாறு பக்கமாகிற ஒரே பெரிய தாளில், அடங்க வேண்டும். அடங்கியது, இந்த இரண்டு வரியைத் தவிர. அது பதினேழாம் பக்கத்துக்கு ஓடியது. இரண்டு வரிக்காக இன்னொரு ஃபாரமா, எதையாவது பண்ணு என்று முதலாளி சொன்னார். நான் பண்ணினேன். வலிக்கிற பல்லோடு, ஒரு நொடியில். புரூஃபை ஒப்புதலுக்கு அனுப்பினோம். அங்கே படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அவர்கள் படிக்கவில்லை என்பது என் தவறைக் குறைக்காது. நான் படித்தேன். படித்துவிட்டு வெட்டினேன். எண்களைத் தொடமாட்டேன், அது பாவம். அவை எந்த மாதத்தில் எடுத்தவை என்பது மட்டும் என் கண்ணுக்கு அலங்காரமாகப் பட்டிருக்கிறது.

பத்திரிகைக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. 1957 ஆகஸ்டுக் கட்டில் சேர்த்துத் தைத்தேன்.

மறுநாள் முதலாளியிடம் தாளைக் காட்டி, இதை அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு வருஷம் ஆச்சு. யாரு கேட்டாங்க உன்னை?"

"அக்கா வீடு போவுதுங்க."

"உன் பேரு போனா போவட்டும். அச்சகத்துப் பேரும் சேந்து போவும். அரசாங்க வேலை வராம போனா நீயும் நானும் அந்தத் தேன் பொட்டிக்குள்ள போயி குந்திக்க வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேற்பார்வையாளர் இந்த முறை காப்பி வரவழைக்கவில்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்பக்கத்தையும் படித்தார், பின்பக்கத்துப் பல்வலியையும் படித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ எங்க ஆளுங்க குறிப்பு போட்டிருக்காங்க. நீங்கதான் எடுத்துட்டீங்க."

"ஆமாம்."

"அதையே எழுதிக் குடுத்துடுங்க சார். தவறு அலுவலகத்தோடது இல்லன்னு."

எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை எப்போது வரும் என்று கேட்டேன். கோப்பு மேலே போக வேண்டும் என்றார். தவறு யாருடையது என்பதற்குப் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் கோப்பு மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய் நின்றேன். ஒவ்வொரு தடவையும் கோப்பு ஒரு மேசை தள்ளியிருந்தது. ஐப்பசி ஏழாம் தேதி மழை பிடித்தது. அதற்குக் கோப்பு தேவைப்படவில்லை.

அந்த மழையில் ஏழு கூட்டில் ஒன்று மிஞ்சியது. அதுவும் நான் வாங்கிப்போன சர்க்கரையை எல்லாப் பெட்டிக்கும் பங்கு போடாமல் அந்த ஒன்றுக்கே அக்கா கொடுத்ததால். மற்ற ஆறையும் அவள் தெரிந்தே சாகவிட்டாள். எதைக் காப்பாற்றுவது என்று ஒரு முழு நாள் பெட்டி பெட்டியாகத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். கனமாக இருந்ததை வைத்துக்கொண்டாள். அந்த ஒரு நாளைப் பற்றி அவள் எப்போதும் பேசியதில்லை, அத்தான்தான் சொன்னார்.

1961 தை மாதம் இரண்டாம் வாரம் சர்க்கரை வந்தது. கணக்கெடுப்பவர்தான் சைக்கிள் கேரியரில் மூட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். இறக்கி வைத்தபின் அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. முருங்கை பூக்கத் தொடங்கியிருந்தது. ஊரெல்லாம் பூ இருக்கும்போது பூச்சி சர்க்கரைத் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காது.

"பாயசம் வெச்சித் தரேன், எடுத்துட்டுப் போங்க" என்றாள் அக்கா. "ஆபீசுல எல்லாரும் மேல போற கோப்பப் பாத்துப் பாத்து களைச்சிப் போயிருப்பாங்க."

சித்திரை முதல் தேதி அவளிடம் இருந்தது மூன்று புட்டி. பெரிய தெரு வீட்டில் பெரியவர் காலமாகி, தோட்டம் பிள்ளைகள் கைக்கு வந்திருந்தது. அவர்களுக்குச் சளி இல்லை. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு என்றார்கள். வைகாசியில் அக்காவும் அத்தானும் மில் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனார்கள். அங்கே பெட்டி வைக்க இடமில்லை. அந்த ஒற்றைக் கூடு அந்தப் பங்குனியில் மூன்றாகப் பிரிந்திருந்தது. ஒரு சாயங்காலம், பூச்சியெல்லாம் அடைந்தபின், வாசல்களில் துணி அடைத்து, மாட்டுவண்டியில் வைக்கோல் மேல் ஏற்றி, மூன்று பெட்டியையும் என் வீட்டு மாடிக்குக் கொண்டுவந்தோம். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

1962 மார்ச் கடைசி வாரம், அதே குடை என் வீட்டு வாசலில் நின்றது. மாடிக்கு வந்தார், தட்டினார், காது வைத்தார், மூன்று கோடு போட்டார். நகரப் பகுதிக்கு அவர் பட்டியலில் தனிப் பத்தி உண்டு. அதில் அதுவரை ஒன்றுமில்லை.

"மூணும் புதுக் கணக்கு" என்றார், தயங்கி.

"தவளக்குப்பத்துல?"

"பொட்டி இல்லாத தோட்டத்துக்கு இன்னாத்துக்குப் போவணும்னு பட்டியல்லருந்து எடுத்துட்டாங்க முசியே" என்றார், பழைய பிரெஞ்சு மரியாதை விடாமல்.

பதினாலு செத்த இடம் பட்டியலிலேயே இல்லை. அகதியாக வந்த மூன்று, மூன்று புதிய கூடு. உயர்வு.

அந்த வருஷத்து அறிக்கை ஜூலையில் என் மேசைக்கு வந்தது. இடையில் இரண்டு வருஷம் விட்டுப்போன அதே அட்டவணை, வலப்பக்கம் நீண்டு. முதல் இரண்டு எண்கள் அப்படியே. அடிக்குறிப்பு இல்லை. 1957இல் அச்சானதைப் பார்த்துத்தானே நகல் எடுப்பார்கள். நான் பேனாவை எடுத்து இரண்டு நட்சத்திரம் போட்டேன். பழைய தாளை நான் கொடுத்துவிட்டிருந்தாலும் அந்த வரிகள் எனக்கு மனப்பாடம். எழுத்துக்கு எழுத்து எழுதிச் சேர்த்தேன். பதினாறு பக்கத்தில் அடங்கவில்லை. முதலாளி பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், தன் அறைக்குப் போய்விட்டார். புரூஃப் ஒப்புதலுக்குப் போனது. மேற்பார்வையாளர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

அச்சான பிரதி ஒன்றை எடுத்துவந்தேன். அடுத்த ஞாயிறு அக்கா மாடியில் பெட்டிக் கால்களுக்கு எறும்பு ஏறாமல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது. பதினேழாம் பக்கத்தைக் காட்டினேன். மேலே இரண்டு வரி, மற்ற இடமெல்லாம் வெள்ளை.

"இன்னா இது, இவ்ளோ எடம் சும்மா கெடக்குது?" என்றாள்.

அந்த இரண்டு வரி என்ன என்று சொன்னேன். 1957இல் அதை வெட்டியவன் யார் என்பதையும் சொன்னேன். இரண்டு வருஷமாக அவளிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். முதலாளியிடமும் அதிகாரியிடமும் சொல்ல வந்த தைரியம் அங்கே வரவில்லை.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். மூன்று பெட்டியையும் ஒருமுறை பார்த்தாள். மறுபடி சொம்பை எடுத்துக் கடைசிக் கிண்ணத்துக்கும் தண்ணீர் ஊற்றி முடித்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள்.

"ஐப்பசிக்கு முன்ன சக்கரை வாங்கி வெச்சிடு. மூணு பொட்டிக்கும். உன் காசுல."